தண்டுவடம் பாதித்தவருக்குத் திடீர் தலைவலியா? படுக்க வைக்காதீர்கள்

நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் திரும்பும் பனியன் கம்பெனித் தொழிலாளி, சாரத்திலிருந்து தவறி விழும் கட்டடத் தொழிலாளி: திருப்பூர் போன்ற ஊரில் தண்டுவடம் அடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான். மறுபடி நடப்பாரா என்பதே வீட்டாரின் முதல் கேள்வி. ஆனால் இரத்த அழுத்தம், வியர்வை, சிறுநீர்ப்பை ஆகியவற்றைத் தானாக இயக்கும் தன்னியக்க நரம்புகளும் அதே தண்டுவடத்தைச் சார்ந்தவைதான்.

கழுத்திலோ, மார்பு முள்ளெலும்புகளில் 6ஆவதிலோ அதற்கு மேலோ காயம் என்றால் கூடுதல் கவனம் தேவை. சிறுநீர்ப்பை நிரம்பினாலும் அவருக்குத் தெரியாது. உடல் மட்டும் அதை உணர்ந்து, காயத்துக்குக் கீழுள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்கும். தளர்த்தச் சொல்லும் மூளையின் உத்தரவு காயத்தைத் தாண்டி இறங்காது. அழுத்தம் எகிறும். தலை வெடிப்பது போல வலி, முகத்தில் சிவப்பு, நெற்றியில் வியர்வை, பல நேரங்களில் நாடி மெதுவாகும். கவனிக்காவிட்டால் மூளையில் இரத்தக் கசிவு, வலிப்பு, மரணம் வரை போகலாம்.

இவர்களுக்கு வழக்கமான மேல் அளவே 90 முதல் 110 வரைதான். ஆகவே 135 என்று காட்டினால் 'நார்மல்தானே' என்று விட்டுவிடக் கூடாது. வழக்கத்தைவிட 20 கூடினாலே எச்சரிக்கை.

மயக்கம் வந்தால் படுக்க வைத்தே பழகிய குடும்பம் இங்கே தவறிவிடும். நிமிர்த்தி உட்கார வைத்து, கால்களைத் தொங்க விடுங்கள். பெல்ட், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா பாருங்கள். அடுத்து மலச்சிக்கல், படுக்கைப்புண், நகம் உள்வளர்ந்த கால்விரல். அழுத்தம் இறங்காவிட்டால் உடனே மருத்துவமனை.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. தொழுகையில் சிறுநீர் கசியுமே என்று குழாயைக் கிளிப் போட்டு அடைக்க வேண்டாம். அதுவே அழுத்தத்தைக் கிளப்பிவிடும். தொடர் கசிவு உள்ளவர் ஒவ்வொரு வக்துக்கும் உளூ செய்து தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. ரமளான் நோன்பிலும் தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று வரும். மருத்துவரையும் ஆலிமையும் கேட்டு முடிவெடுங்கள்.

கழுத்துக் காயத்தோடு வாழ்நாள் முடிந்துவிடுவதில்லை. 1975இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையம் 1966 முதல் இயங்குகிறது.

காயத்தின் இடம், வழக்கமான இரத்த அழுத்தம், குழாய் மாற்றிய தேதி மூன்றையும் சீட்டில் எழுதி நோயாளியின் பாக்கெட்டில் வையுங்கள். அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவர் இந்த நிலையை நேரில் பார்த்தே இராதவராக இருக்கலாம்.