அனுப்பியவரும் வரவேற்றவரும்

பிற நாட்டுக்குச் சென்று தொழில் பயின்று திரும்பிய மாணவர்களைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அவர்கள் தொடங்கிய ஆலைகளும் ஏற்ற பதவிகளும் வரலாற்றில் இடம் பெற்றுள்ளன. ஆனால் அவர்களை அனுப்புவதற்கு ஏற்பாடு செய்தவர் யார், அவர்கள் போய் இறங்கிய ஊரில் கதவைத் திறந்துவிட்டவர் யார் என்று நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மாணவரை அனுப்புவது ஒரு பணி. அவரை வரவேற்பது மற்றொரு பணி. முன்னதற்குப் பெரும்பாலும் பொருள் இருந்தால் போதும். பின்னதற்கோ தலைமை வேண்டும். சென்ற நூற்றாண்டில் இத்தகைய திட்டங்களை நடத்திய சிலருடைய வரலாறு இதனை நன்கு விளக்குகிறது.

நம் நாட்டிலிருந்தே தொடங்குவோம். வங்கப் பிரிவினைக்கு ஓராண்டு முன்னர், 1904இல், கல்கத்தாவில் ஒரு சங்கம் தோன்றியது. இந்தியரின் விஞ்ஞானக் கல்வியையும் தொழிற் கல்வியையும் வளர்ப்பதே அதன் நோக்கம். அதனைத் தோற்றுவித்தவர் ஜோகேந்திர சந்திர கோஷ். பொதுமக்களிடம் நிதி திரட்டி, இளைஞரை ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இச்சங்கம் அனுப்பியது. அரசாங்கம் செய்யாததைக் குடிமக்கள் தாமே செய்யத் துணிந்தார்கள் என்பது போற்றத்தக்கது. ஆயினும் அந்த இளைஞர் சென்ற இடத்தில் அவர்களுக்கு எனக் காத்திருந்த அமைப்பு எதுவும் இல்லை. அவர்கள் கற்றுவந்த தொழிலைக் கையாளுவதற்கு அந்நிய ஆட்சியிலிருந்த தாய்நாட்டிலும் போதிய ஆலைகள் இல்லை.

1906இல் இச்சங்கத்து மாணவர்களோடு ஜப்பானுக்குப் புறப்பட்டவர்களில் இருவர், கவி ரவீந்திரநாத தாகூரின் மைந்தர் ரதீந்திரநாதரும் அவருடைய நண்பர் சந்தோஷ் சந்திர மஜும்தாரும் ஆவர். அங்கிருந்து அவர்கள் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக் கழகத்துக்குச் சென்று வேளாண்மை பயின்றனர். அர்பானா என்னும் அச்சிற்றூரில் பல நாட்டு மாணவரும் ஒன்றுகூடும் ‘காஸ்மாபாலிடன் கிளப்’ என்ற கழகத்தை உருவாக்கியவர்களுள் ரதீந்திரநாதரும் ஒருவர். அக்காலத்தில் அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் இத்தகைய கழகங்கள் எழுந்தன. வரவேற்க ஒருவரும் இல்லாத இடத்தில், வந்தவர்களே அடுத்து வருவோரை வரவேற்பவர்கள் ஆனார்கள். ரதீந்திரநாதர் 1909இல் தாயகம் திரும்பினார். 1912இல் கவி தாகூர் அதே அர்பானாவுக்குச் சென்று சில மாதம் தங்கியபோது, அவ்வூர் அவருக்கு அந்நிய ஊராக இருக்கவில்லை.

அதே 1909ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி பெரியதொரு நிறுவனத்துக்கு வித்தாயிற்று. ஒய்.எம்.சி.ஏ. ஊழியர் ஹாரி எட்மண்ட்ஸ் என்பவர், கொலம்பியா பல்கலைக் கழக நூலகத்தின் படிகளில் எதிர்ப்பட்ட சீன மாணவர் ஒருவருக்குக் காலை வணக்கம் கூறினார். அம்மாணவர் நின்றார். தாம் நியூயார்க்குக்கு வந்து மூன்று வாரமாகியும், தம்மிடம் வாய் திறந்து பேசிய முதல் மனிதர் நீங்களே என்றார். எட்மண்ட்ஸ் வீடு சென்று தம் மனைவியிடம் இதைக் கூறினார். அதன்பின் ஞாயிற்றுக் கிழமைகளில் வெளிநாட்டு மாணவர்கள் அவர்களுடைய இல்லத்துக்கு வந்து உணவருந்தலாயினர். இல்லம் போதாமற் போகவே கழகம் பிறந்தது. கழகமும் போதாமற் போகவே, ஜான் ராக்பெல்லர் இளையவரின் பொருளுதவியால் 1924இல் நியூயார்க்கில் ‘சர்வதேச மாளிகை’ எழுந்தது.

எட்மண்ட்ஸின் தலைமைக்கு உண்மையான சோதனை அடுத்தபடியாக வந்தது. கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி நகரில் இரண்டாவது மாளிகை கட்ட அவர் முனைந்தபோது, ஊரார் பலர் எதிர்த்தனர். வெள்ளையரும் ஆசியரும் கறுப்பரும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதா, அதிலும் ஆண்களும் பெண்களும் ஒரே மாளிகையில் தங்குவதா என்று கூட்டம் கூடிக் கேட்டனர். ஒதுக்குப்புறமான ஓர் இடத்தைத் தேடிப்பிடித்து எதிர்ப்பைத் தணித்திருக்கலாம். எட்மண்ட்ஸ் அவ்வாறு செய்யவில்லை. வெளிநாட்டாரையும் நிறத்தவரையும் சேர்க்காத மாணவர் விடுதிகள் நிறைந்த பீட்மாண்ட் அவென்யூவையே தேர்ந்தெடுத்தார். 1930இல் அம்மாளிகை திறக்கப்பட்டது. வந்தவரை மறைத்து வைப்பது வரவேற்பு ஆகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஒரே கூரை மட்டும் போதுமா? போதாது என்று கண்டவர் டொனால்டு வாட் என்னும் அமெரிக்கர். 1932இல் அவர் அமெரிக்க இளைஞரையும் ஐரோப்பிய இளைஞரையும் ஒரே முகாமில் தங்கவைத்துப் பார்த்தார். ஒன்றாக இருந்தும் அவரவர் தம் மொழி பேசுவோரையே நாடினர். வாட் சோர்ந்துவிடவில்லை, முறையை மாற்றினார். அடுத்துச் சென்ற இளைஞரை, ஒரு வீட்டுக்கு ஒருவராக, அந்நாட்டுக் குடும்பங்களில் தங்கச் செய்தார். காலையில் அடுப்படியில் பேசும் பேச்சும், மாலையில் சிறுவர்களோடு ஆடும் ஆட்டமும் வகுப்பறை தராத கல்வியைத் தந்தன. இத்திட்டத்தில் இளைஞராகச் சென்று, பின்பு குழுத்தலைவராகவும் பணியாற்றிய சார்ஜன்ட் ஷ்ரைவர், 1961இல் அமெரிக்க அமைதிப் படையின் முதல் தலைவரானார். விருந்தினராக இருந்து பழகியவரே பிறரை விருந்தினராக அனுப்பத் தகுதி பெற்றார் எனலாம்.

இனி, தொழிற்பயிற்சிக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐரோப்பா இடிபாடுகளில் கிடந்த காலம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மாணவர்களுக்கு விடுமுறைக் காலத்தில் வேலை தேடித் தரும் குழு ஒன்று இருந்தது. அதனைச் சேர்ந்த ஜேம்ஸ் நியூபி என்பவர் 1948 ஜனவரியில் ஐரோப்பிய நாடுகள் பத்தின் பிரதிநிதிகளைத் தம் கல்லூரிக்கு அழைத்தார். தொழில்நுட்ப மாணவரைப் பயிற்சிக்காகப் பரிமாறிக்கொள்ளும் பன்னாட்டுச் சங்கம் அங்கே பிறந்தது. ‘ஐயெஸ்டே’ என்னும் சுருக்கப் பெயரால் அது இன்று அறியப்படுகிறது.

அதன் நடைமுறை மிக எளியது. ஒவ்வொரு நாட்டிலும் உள்ள குழு தன் நாட்டு ஆலைகளை அணுகி, வெளிநாட்டு மாணவருக்கு இடந்தர ஒப்புக்கொள்ளச் செய்யும். ஆண்டுக்கு ஒருமுறை கூடும் மாநாட்டில், எத்தனை இடம் கொடுக்கிறதோ அத்தனை இடம் பெற்றுக்கொள்ளும். வந்த மாணவருக்கு உணவுக்கும் உறையுளுக்கும் போதுமான ஊதியத்தை அந்த ஆலையே வழங்கும். அந்நியச் செலாவணிக்குக் கடுங்கட்டுப்பாடு இருந்த அந்நாளில் இதன் அருமை பெரிது. பயிற்சிக் காலச் செலவுக்காக ஒரு நாட்டின் பணம் மற்றொரு நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. மாணவர் போனால் போதும். அதைவிட முக்கியமானது மற்றொன்று. தன் ஊரில் ஓர் அயல்நாட்டு இளைஞனுக்கு இடம் தேடித் தராத குழு, தன் மாணவனையும் அனுப்ப இயலாது. அனுப்பும் பணியையும் வரவேற்கும் பணியையும் நியூபியின் முறை ஒரே முடிச்சில் பிணைத்துவிட்டது. போர் முடிந்து ஐந்தாண்டு ஆவதற்குள், 1950இல், மேற்கு ஜெர்மனியும் அதில் சேர்ந்தது. நேற்றுவரை பகைவராயிருந்தோரின் பிள்ளைகள் ஒரே பட்டறையில் வேலை பழகினர்.

ஏறத்தாழ அதே காலத்தில் வணிகமும் பொருளாதாரமும் பயிலும் மாணவர்கள் ‘ஐசெக்’ என்னும் அமைப்பை நிறுவினர். அங்கே தலைவர்களும் மாணவர்களே. ஓராண்டு பொறுப்பேற்று, அடுத்தவரிடம் ஒப்படைத்துச் செல்கின்றனர். இந்தியாவில் அது 1981இல் வேரூன்றியது.

நியூயார்க் ஹார்லெம் பகுதியில் போதகராயிருந்த கறுப்பினத்தவர் ஜேம்ஸ் ராபின்சன் வேறொரு வழியைக் காட்டினார். 1958இல் அவர் பல இனத்து அமெரிக்க மாணவரை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அழைத்துச் சென்றார். போதிக்க அன்று, ஆப்பிரிக்க மாணவரோடு சேர்ந்து மண் சுமக்கவும் பள்ளிக்கூடம் கட்டவும்தான். வந்தவருக்கும் இருந்தவருக்கும் ஒரே மண்வெட்டி. அமைதிப் படைக்கு இது முன்னோடி என்று கென்னடியே பின்னர்ப் பாராட்டினார்.

இத்துணை நல்ல முன்மாதிரிகள் இருந்தும், பயிற்சி என்ற பெயர் மட்டும் நிலைத்து, அதன் பொருள் மறைந்துபோவதும் உண்டு. 1993இல் ஜப்பான் தொடங்கிய அயல்நாட்டுப் பயிலுநர் திட்டத்தை இங்கு நினைக்க வேண்டும். தொழில் நுட்பத்தைப் பிற நாடுகளுக்குக் கற்பிப்பதே அதன் நோக்கம் என்று கூறப்பட்டது. நடைமுறையில், பயிலுநர் பலர் தரகரிடம் கடன்பட்டு வந்து சேர்ந்தனர். கொடுமைக்கு ஆளானாலும் முதலாளியை மாற்றிக்கொள்ள உரிமையின்றி வருந்தினர். நெடுங்காலக் கண்டனத்துக்குப் பின், அத்திட்டத்தை ஒழித்து வேறொன்றை அமைக்க 2024இல் ஜப்பானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. அனுப்பியவருக்குத் தரகு கிடைத்தது. ஏற்றவருக்கு மலிவான உழைப்பு கிடைத்தது. இடையில் வரவேற்பவர் இல்லை. இன்றும் பணம் பெற்றுக்கொண்டு வெளிநாட்டுப் பயிற்சி இடம் வாங்கித் தருவதாகக் கூறுவோர் பலர். அவர்களிடம் பெற்றோர் முதலில் கேட்கத் தக்க கேள்வி, “எத்தனை ரூபாய்?” என்பதன்று; “என் பிள்ளை அங்கே இறங்கும்போது எதிர்கொள்பவர் யார்?” என்பதே.

1904இல் மாணவரை அனுப்பும் நாடாக மட்டும் இருந்த இந்தியா, இன்று வரவேற்கும் நாடாகவும் விளங்குகிறது. 1950இல் மௌலானா ஆசாத் நிறுவிய இந்தியக் கலாசார உறவுக் கழகம் வெளிநாட்டு மாணவருக்கு உபகாரச் சம்பளம் வழங்குகிறது. 1964இல் தொடங்கிய ‘ஐடெக்’ திட்டத்தின் கீழ் ஆசிய, ஆப்பிரிக்க நாட்டினர் ஆண்டுதோறும் இங்கு வந்து பயிற்சி பெறுகின்றனர். அரசாங்கம் இடமும் பணமும் தரும். அண்டை வீட்டாரின் முகமலர்ச்சியை எந்த ஆணையாலும் தர இயலாது. 2017இல் தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்கள் தாக்கப்பட்ட செய்தியைப் படித்தவர்கள், பெர்க்லி நகரத்தாரின் குறை நமக்கு அயலானது என்று சொல்ல முடியாது.

தமிழகத்தை விட்டு வந்து தில்லியிலோ மும்பையிலோ கல்கத்தாவிலோ வாழும் நேயர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. முதன்முதலில் வந்திறங்கிய நாளில், மொழி தெரியாத ஊரில், தங்குவதற்கு அறை காட்டியவர் பெயர் நம்மில் எவருக்கும் மறப்பதில்லை. நம் குடியிருப்பில், நாம் பயிலும் அல்லது பணிபுரியும் நிறுவனத்தில், கென்யாவிலிருந்தோ பூட்டானிலிருந்தோ வந்து பயிலும் இளைஞர் ஒருவர் இருக்கக் கூடும். எட்மண்ட்ஸ் மாளிகை கட்டியது பிற்பாடு. முதலில் அவர் செய்தது காலை வணக்கம் கூறியதும், தம் வீட்டில் ஒரு வேளை உணவு இட்டதும்தான். அதற்கு ராக்பெல்லரின் செல்வம் தேவைப்படவில்லை.