கையிலிருந்து விடுதல்



பழைய ஆங்கில நூல்களில் 'மேனுமிஷன்' என்றொரு சொல் வரும். அடிமையை அவருடைய உரிமையாளரே விடுவிப்பதற்கு அந்தப் பெயர். அதன் வேர் இலத்தீன்: 'மானுஸ்' என்றால் கை, 'மித்தெரே' என்றால் போகவிடுதல். பிடித்திருந்த கையை விடுவதே விடுதலை என்று உரோமையர் கண்டார்கள்.

நம் தமிழிலும் அதே கைதான், ஆனால் பொருள் வேறு. 'பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள்' என்று ஒரு தாய் சொன்னால் அது விடுதலை இல்லை, அநாதை நிலை. புனித வெள்ளியன்று சிலுவையிலிருந்து நாம் கேட்கும் சொல்லும் இதுவே. ஒருவரை விடுவிப்பதற்கும் கைவிடுவதற்கும் இடையே என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வி நம் ஏரிக்கரைக்குப் புதிதல்ல. 1613-இல் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். துணி வாங்க வந்தவர்கள் ஆட்களையும் வாங்கினார்கள். பஞ்சம் வந்தபோது மக்கள் சோற்றுக்காகத் தங்களையும் பிள்ளைகளையும் விற்றார்கள். 1622, 1623 ஆகிய இரண்டே ஆண்டுகளில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து சுமார் 1,900 பேர் கப்பலேற்றப்பட்டார்கள். வெளியூர் விருந்தினர் வந்தால் ஒல்லாந்தர் கல்லறைகளைக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். கப்பலேறியவர்களுக்கு இங்கே ஒரு கல்கூட இல்லை.

பலரைக் கொண்டுபோன இடம் பத்தாவியா, இன்றைய ஜகார்த்தா. அங்கே விடுவிக்கப்பட்டவர்களை 'மார்டைக்கர்' என்று அழைத்தார்கள். மலேசியத் தமிழர் நன்கறிந்த 'மெர்டேக்கா', அதாவது விடுதலை என்ற சொல்லின் உறவு அது. ஜகார்த்தாவின் தூகு என்ற ஊரில் அவர்களுடைய வழிவந்தவர்கள் இன்றும் கோவிலோடும் பாட்டோடும் வாழ்கிறார்கள். வங்கக் கரையிலும் சோழமண்டலக் கரையிலும் பிடிபட்டவர்களின் சந்ததி என்று அவர்களைப் பற்றிச் சொல்வதுண்டு. அந்த முன்னோருக்கு விடுதலையோடு நிலமும் கிடைத்தது. அவர்கள் ஊராக நிலைத்ததற்கு அதுவே காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது.

321-இல் கான்ஸ்டன்டைன் மன்னர், கோவிலில் ஆயர் முன்னிலையில் அடிமையை விடுவித்தாலும் சட்டப்படி செல்லும் என்று ஆணையிட்டார். திருச்சபையாரே அடிமைகளை வைத்திருந்த காலம் அது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இணைச்சட்ட நூலின் 15-ஆம் அதிகாரம் அதற்கும் வெகு முன்பே இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது. விடுவிக்கும் அடிமையை வெறுங்கையாய் அனுப்பாதே, உன் மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் கொடுத்தனுப்பு என்பது அதன் கட்டளை.

நம் திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் கொத்தடிமைக் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். பெரும்பாலும் இருளர்கள். இந்த ஏரிச் சேற்றில் கையாலேயே தடவி இறால் பிடிக்கிறவர்களின் உறவுகள் அவர்கள். 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுடைய முன்பணக் கடன் செல்லாது. வருவாய்த்துறை அதிகாரி விடுவிப்புச் சான்றிதழும் தருகிறார். அது அவர்களைப் பிடித்திருந்த கையை விடுவிக்கிறது. வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றும் ரேஷன் அட்டையும் வராவிட்டால், மழை ஓய்ந்ததும் வேறொரு சூளையில் மறுபடி முன்பணம் வாங்க நேரிடும்.

பட்டா மனு எழுதத் தெரிந்தவர்கள், தாலுகா அலுவலகப் படியேறிப் பழகியவர்கள், நம் அன்பியங்களிலேயே இருக்கிறார்கள்.