தன்னார்வலரும் கூலியும்: கூட்டுப் பண்ணைகளின் வரலாற்றிலிருந்து ஒரு குறிப்பு

ஐரோப்பாவில் உள்ள ஒரு கூட்டு இயற்கைப் பண்ணையில் மூன்று மாதம் தன்னார்வலராகத் தங்க விரும்பும் மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "ஊதியம் கிடையாது, உணவும் உறைவிடமும் மட்டுமே. இது சேவையா, சுரண்டலா?" அவருக்கு அளித்த விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

1971இல் லண்டனில் செயலாளராகப் பணியாற்றிய சூ கோப்பார்ட் என்ற பெண்மணி, நாட்டுப்புற வாழ்வை அறிய வழியற்ற நகரவாசிகளுக்காக ஓர் ஏற்பாடு செய்தார். சசெக்ஸ் பகுதியில் எமர்சன் கல்லூரியைச் சார்ந்த பண்ணைக்கு நால்வர் ஒரு வார இறுதியில் சென்று உழைத்துத் திரும்பினர். 'வூஃப்' என்று இன்று உலகறிந்த இயக்கத்தின் தொடக்கம் அதுவே. 'இயற்கைப் பண்ணைகளில் உழைக்கும் வார இறுதிகள்' என்பது அதன் முதற்பெயரின் பொருள். தங்கும் நாட்கள் நீண்டபோது அது 'விருப்பத்துடன் உழைப்போர்' என மாறியது. 'உழைப்போர்' என்ற சொல், வேலை தேடிப் புலம்பெயர்வோரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள இடமளித்ததால் அதுவும் பின்னர் நீக்கப்பட்டு, 'உலகளாவிய வாய்ப்புகள்' என்ற பெயர் வந்தது. பெயரிலிருந்து உழைப்பு அகன்றது, வயலிலிருந்து அகலவில்லை.

1978இல் ஆஸ்திரேலியாவின் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் 'பெர்மாகல்ச்சர் ஒன்' நூலை வெளியிட்டனர். பல்லாண்டுப் பயிர்களையும் மரங்களையும் நீரோட்டத்தையும் ஒருங்கே திட்டமிடும் இம்முறையில் தொடக்க ஆண்டுகளின் உழைப்பே மிகுதி. சமமட்டக் கோட்டில் வாய்க்கால் வெட்டுதல், மூடாக்கு இடுதல், மட்கு உரம் தயாரித்தல், நாற்று நடுதல் என எல்லாவற்றுக்கும் கைகள் வேண்டும். மரங்கள் வளர்ந்தபின் உழைப்பு குறையும். அதன் பயனோ பெரும்பாலும் நிலத்தில் நிலைத்திருப்போரையே சேரும். ஆகவே, நிலத்தைப் பேணல், மனிதரைப் பேணல், நியாயமான பகிர்வு என்னும் அம்முறையின் மூன்று அறங்களுள் மூன்றாவதே தன்னார்வலர் முதலில் நினைவில் கொள்ள வேண்டியது.

கடல் கடந்த மண்ணில் ஊதியமின்றிக் கூடி உழைத்த அனுபவம் நம்மவருக்கும் உண்டு. 1910இல் ஜோகனஸ்பர்க் அருகே ஹெர்மன் காலன்பாக் அளித்த ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தில் காந்தி டால்ஸ்டாய் பண்ணையை நிறுவினார். தமிழர் உள்ளிட்ட சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. பணியாளர் என்று எவரும் இல்லை. சமையலும் துப்புரவும் தோட்ட வேலையும் அனைவருக்கும் பொது. பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் பொறுப்பைக் காந்தியே ஏற்றிருந்தார்.

அதே தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் ஒப்பந்தக் கூலிகள் சென்றிறங்கினர். அவர்களுக்குச் சிறிதளவு ஊதியம் உண்டு. ஆயினும் ஐந்தாண்டு ஒப்பந்தம் முடியும்வரை தோட்டத்தைவிட்டு அனுமதியின்றி வெளியேறுவது தண்டனைக்குரிய குற்றம். ஊதியம் பெற்றவர் கட்டுண்டிருந்தார். ஊதியமின்றி உழைத்தவர் சுதந்திரராய் இருந்தார். ஆகவே இரண்டையும் பிரிக்கும் கோடு ஊதியம் மட்டுமன்று. விரும்பியபோது விலகிச்செல்லும் உரிமையும், முடிவெடுப்பதில் பங்கும், நிலத்துக்குரியவரும் உடன் உழைக்கும் ஒழுக்கமும் ஆகும்.

எனவே மாணவரிடம் சில வினாக்களை எழுதிக்கொள்ளச் சொன்னேன். நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் வேலை? பண்ணையார் உடன் உழைக்கிறாரா? கற்பிப்பவர் உண்டா? கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும்? நாளையே புறப்பட விரும்பினால் தடை உண்டா? உணவுக்கும் உறைவிடத்துக்கும் ஈடாக உழைப்பதையும் வேலை என்றே பல நாடுகளின் சட்டங்கள் கருதுகின்றன. ஆதலால் சுற்றுலா விசா போதுமா என்பதை அந்நாட்டுத் தூதரகத்திடமே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

விடைகள் நிறைவளித்தால் தயங்காமல் செல்க என்றேன். மண்ணைத் தொட்டுக் கற்பதற்கு ஈடான கல்வி வேறில்லை. ஆனால் கடவுச்சீட்டு மட்டும் தம் பையிலேயே இருக்கட்டும்.