நெட்டி

நெட்டி (பெ.): குளத்திலும் வயலோரச் சேற்றிலும் வளரும் அவரைக் குடும்பச் செடி, அதன் தண்டிலுள்ள எடையற்ற வெண்தக்கை. மாட்டுப் பொங்கலுக்குச் சாயமேற்றி மாலை கோப்பதும், தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் கோயில் மாதிரிகள் செதுக்குவதும் இதில்தான்.

1753-இல் லின்னேயஸ் இட்ட பெயர் 'ஈஸ்கினோமினி ஆஸ்பெரா'. முதற்சொல் கிரேக்கம்: வெட்கப்படுவது. தொட்டால் இலை கூம்பும் செடியைக் குறித்த பழம்பெயர் அது. அடுத்தது லத்தீன்: சொரசொரப்பானது.

இச்செடியின் தென்காசி வட்டாரத்து உலர்செடித் தாள்களைத் தேடுவோர் கவனிக்க: 2019-க்கு முந்தைய தாள்களின் விவரச் சீட்டுகளில் மாவட்டம் திருநெல்வேலி. 1830-களில் அவ்வட்டாரக் குற்றாலத்தில் செடி சேகரித்த ராபர்ட் வைட் காலத்து ஆங்கிலப் பதிவுகளில் ஊர்ப்பெயர் 'கோர்டாலம்'. நெட்டி என்ற உள்ளூர்ப் பெயரும் சீட்டில் இருந்தால், அத்தாள் ஊராருக்கும் பயன்படும்.