மலைக்கோட்டைக்குக் குடும்பத்தோடு: குகைகள், ஆற்றங்கரை, உணவு, தொழுகை

சவூதி அரேபியா அல்உலா பகுதியைச் சுற்றுலாவுக்குத் திறந்துவிட்ட பிறகு, உம்ராவுக்குச் செல்பவர்களிடையேயும் அந்தப் பாலைவன ஊரைப் பற்றிய பேச்சு அடிபடுகிறது. ஊருக்கு அருகில் இருப்பது அல்ஹிஜ்ர். நபதீயர்கள் பாறைகளைக் குடைந்து அமைத்த நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைகள் அங்கே உள்ளன. 2008-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனால் நமக்கு அது ஸமூது கூட்டத்தாரின் நிலம். தபூக் பயணத்தின்போது அவ்வழியே கடந்த நபி (ஸல்) அவர்கள், அழுதவர்களாகவே தவிர அங்கு நுழைய வேண்டாம் என்று தோழர்களிடம் கூறி, தலையை மறைத்துக்கொண்டு விரைந்து சென்றார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. பழைய இடங்களைப் பார்ப்பதற்கும் ஓர் ஒழுக்கம் இருக்கிறது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

அவ்வளவு தூரம் போக எல்லோருக்கும் வசதி இராது. குடைந்தெடுத்த குகைகள், ஆற்றங்கரை, நல்ல சாப்பாடு மூன்றும் நம் பக்கத்திலேயே, திருச்சியில் கிடைக்கின்றன. ஆனால் நம்மில் பலருக்குத் திருச்சி என்றால் விமான நிலையம், மருத்துவமனை, கல்லூரிச் சேர்க்கை, நத்தர்வலி தர்கா, அவ்வளவுதான். ஊரின் நடுவே நிற்கும் பாறையைப் பேருந்து சன்னலிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். பிள்ளைகளோடு ஒன்றிரண்டு நாள் தங்கி, தொழுகையும் தவறாமல் இந்த ஊரைப் பார்ப்பது எப்படி என்பதே இக்கட்டுரை.

முதலில் ஒரு கேள்வி: போகலாமா?

மலைக்கோட்டை அல்ஹிஜ்ரைப் போல வேதனை இறங்கியதாகச் சொல்லப்பட்ட இடமல்ல. இன்றும் வழிபாடு நடக்கும் கோயில் மலை. வழிபாட்டில் பங்கேற்பது வேறு, வரலாற்றுச் சின்னத்தைப் பார்ப்பது வேறு. பிற சமயத்தாரின் வழிபாட்டு இடத்துக்குள் நுழைவது பற்றி மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. தயக்கம் உள்ளவர்கள் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும். மலையேறாமலேயே பார்க்கக்கூடிய குகைகளும் உள்ளன. அவற்றையும் கீழே சொல்கிறேன்.

போகிறவர்களுக்கு உமர் (ரலி) அவர்களின் முன்மாதிரி இருக்கிறது. ஜெரூசலத்தில் கிறிஸ்தவர்களின் பெரிய ஆலயத்தில் இருந்தபோது தொழுகை நேரம் வந்தது. உள்ளே தொழுதால் பின்னால் வருபவர்கள் அந்த இடத்துக்கு உரிமை கோருவார்கள் என்று கருதி வெளியே வந்து தொழுதார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பார்க்கச் சென்ற இடத்தின் உரிமையாளர்கள் மனம் நோகாமல் நடந்துகொள்வது நம் மார்க்கத்தின் பண்பு. சன்னிதிகளுக்குள் மற்ற சமயத்தார் செல்லக் கட்டுப்பாடு உண்டு. அதை மதியுங்கள். எங்கே வரை போகலாம், எங்கே படம் எடுக்கலாம் என்று பணியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிலைகளைக் காட்டிப் பிள்ளைகள் சிரிக்காதபடி வீட்டிலேயே சொல்லி அழைத்து வாருங்கள்.

மேல்குகை

பாறையின் உயரம் சுமார் 83 மீட்டர். அடிவாரத்தில் செருப்பை விட்டுவிட்டுப் படியேற வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் கல் சுடும். ஃபஜ்ரு தொழுதுவிட்டுக் காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

உச்சிக்குப் போகும் வழியில் இருக்கிறது பல்லவர் குகை. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. கங்கையைச் சடையில் தாங்கும் சிவனின் பெரிய புடைப்புச் சிற்பமும், அதன் பக்கங்களில் கல்வெட்டுகளும் உள்ளன. மன்னன் வேறு சமயத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பியதை அக்கல்வெட்டு குறிப்பிடுகிறது. சோழ நாட்டின் வளத்தையும் காவிரியையும் பார்ப்பதற்கு ஏற்ற இடமாக இம்மலை உறைவிடம் அமைக்கப்பட்டது என்ற கருத்தும் அதில் வருகிறது. ஆக, மேலே நின்று காவிரியைப் பார்க்கும் ஆசை 1400 ஆண்டுப் பழையது. உச்சியிலிருந்து பார்த்தால் வடக்கே காவிரி, அதற்கப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள், அதற்கும் அப்பால் கொள்ளிடம்.

பல்லவருக்கு முன்பே இப்பாறையில் சமணத் துறவிகள் தங்கியிருந்தார்கள். அவர்கள் படுத்த கற்படுக்கைகள் பாறையின் பின்புறம் உள்ளன.

கீழ்க்குகை

மலையேற முடியாதவர்களுக்கும் ஏறத் தயங்குபவர்களுக்கும் ஏற்றது அடிவாரத்தில் உள்ள கீழ்க்குகை. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. எதிரெதிரே இரண்டு அறைகள், ஒன்று சிவனுக்கு, மற்றது திருமாலுக்கு. நடுவிலுள்ள பின்சுவரில் ஐந்து உருவங்கள். உளியும் சுத்தியலும் மட்டுமே இருந்த காலத்தில் இவ்வளவு கடினமான பாறையை எப்படிக் குடைந்தார்கள் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். வருகிற பதிலைக் கேட்பதே ஒரு மகிழ்ச்சி.

கோட்டையும் நவாபுகளும்

பாறையைச் சுற்றி நாயக்கர்கள் கோட்டை கட்டினார்கள். இன்று அதன் பெரும்பகுதி இல்லை. மெயின்கார்டு கேட் வாசலும் தெப்பக்குளமும் அக்காலத்தை நினைவூட்டுகின்றன. அருகில் ராணி மங்கம்மாள் மகால் என்று அழைக்கப்படும் தர்பார் மண்டபத்தில் அரசு அருங்காட்சியகம் இயங்குகிறது. வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை.

இந்த மகாலில் நின்று பிள்ளைகளுக்கு ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். 1730-களில் இங்கே ஆண்டவர் ராணி மீனாட்சி, நாயக்க வம்சத்தின் கடைசி அரசி. ஆற்காட்டு நவாபின் மருமகனான சந்தா சாஹிப், அவருக்குத் துணை நிற்பதாகக் குர்ஆன் மீது சத்தியம் செய்துவிட்டு, 1736-ல் கோட்டையைத் தனதாக்கிக்கொண்டார். ராணி விஷமருந்தி மாண்டார். சத்தியம் செய்தபோது உறைக்குள் இருந்தது குர்ஆன் அல்ல, செங்கல் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும் வாக்கு முறிந்தது உண்மை. ‘செய்தவர் நம்மவர்’ என்பதற்காக இதை மூடி மறைப்பது நீதியல்ல. உறவினருக்கு எதிராக இருந்தாலும் நீதியோடு சாட்சி சொல்ல வேண்டும் என்பது சூரத்துன் னிஸாவின் 135-ஆம் வசனம் நமக்கிடும் கட்டளை.

அடுத்த ஐந்தே ஆண்டில், 1741-ல், மராட்டியர் திருச்சியைப் பிடித்து சந்தா சாஹிபைச் சிறைப்படுத்தினார்கள். விடுதலையாகி வந்தவர் பிரெஞ்சுக்காரர் துணையோடு மீண்டும் திருச்சியை முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர் முஹம்மது அலி வாலாஜா. அவருக்கு ஆங்கிலேயர் துணை. 1752-ல் சந்தா சாஹிபின் படை ஸ்ரீரங்கத் தீவுக்குள் முடங்கியது. தஞ்சைத் தளபதியிடம் சரணடைந்த அவர் தலை வெட்டப்பட்டது. வென்ற வாலாஜாவோ கடைசிவரை கம்பெனியின் கடனில் மூழ்கி, 1795-ல் சென்னையில் இறந்தார்.

நத்தர்வலி தர்கா

மலைக்கோட்டைக்குத் தெற்கே, மதுரை சாலையில் இருக்கிறது நத்தர்வலி தர்கா. பதினோராம் நூற்றாண்டில் வந்து இங்கே அடங்கியதாக மரபு கூறும் நத்தர்வலி (ரஹ்), ‘தப்லே ஆலம் பாதுஷா’ என்றும் அறியப்படுகிறார். தென்னிந்தியாவின் பழைமையான தர்காக்களில் ஒன்று இது. நவாபுகள் காலத்தில் இந்த ஊருக்கே நத்தர் நகர் என்ற பெயரும் வழங்கியது.

ஒருவரையொருவர் அழிக்கத் துடித்த சந்தா சாஹிப், வாலாஜா இருவரின் கப்ருகளும் இங்கேதான் உள்ளன. கோட்டைக்காக எத்தனையோ உயிர்கள் போயின. கிடைத்தது இருவருக்கும் ஆறடி மண். ஸலாம் சொல்லி, அங்கே அடங்கியிருப்பவர்களுக்காக துஆ செய்துவிட்டு, இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஜியாரத்தின் நோக்கமே மறுமையை நினைவூட்டுவதுதானே!

ஆற்றங்கரை

மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் முக்கொம்பு. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம். ஆர்தர் காட்டன் 1836-ல் இங்கு மேலணையை அமைத்தார். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கொள்ளிடப் பகுதியின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பின்னர் புதிய கதவணை கட்டப்பட்டது. கிழக்கே கல்லணை. கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் இவ்வணை 329 மீட்டர் நீளமுடையது. பழைய அணையை அழிக்காமல் பிற்காலத்தார் அதன்மேல் கட்டியதால் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. சிறுவர்களுக்கு ஸ்ரீரங்கம் மேலூரில் 25 ஏக்கர் பரப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா உண்டு.

ஒரு வேண்டுகோள். காவிரியிலும் கொள்ளிடத்திலும் மேலே அமைதியாகத் தெரியும் நீருக்கடியில் மணற்குழிகளும் சுழலும் இருக்கும். மதகு திறந்தால் நீர்மட்டம் சட்டென்று ஏறும். பிள்ளைகளைக் குளிக்க இறக்காதீர்கள்.

சித்தன்னவாசல்

இன்னொரு நாள் கையிலிருந்தால் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்குப் போகலாம். திருச்சியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். இதுவும் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. சமணக் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது: மீன்கள், வாத்துகள், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள். பல இடங்களில் வண்ணம் உதிர்ந்துவிட்டது. தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

குன்றின் மறுபக்கம் ஏழடிப்பட்டம் என்ற இயற்கைக் குகை. வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள் அங்கே உள்ளன. ஒன்றில் ஈராயிரம் ஆண்டுப் பழைமையான தமிழ்பிராமி எழுத்து இருக்கிறது. குகை என்றதும் ஹிராவும் தவ்ரும் கஹ்ஃபு வாசிகளும் நம் நினைவுக்கு வருவார்கள். உலகச் சந்தடியை விட்டு ஒதுங்கத் தேடிய மனிதர்கள் எல்லாச் சமூகத்திலும் இருந்திருக்கிறார்கள் என்பதை அந்த வெறும் கல்லில் காணலாம். இங்கே நிழல் குறைவு. தண்ணீரும் குடையும் எடுத்துச் செல்லுங்கள்.

உணவு

முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் ஊர் என்பதால் திருச்சியில் ஹலால் உணவுக்குப் பஞ்சமில்லை. பாலக்கரை, சிங்காரத்தோப்பு, மதுரை சாலைப் பக்கம் பிரியாணி, புரோட்டா சால்னாக் கடைகள் இருக்கின்றன. கடைப் பெயரையும் பலகையையும் மட்டும் நம்பாமல், “பாய், இறைச்சி எங்கே அறுத்தது?” என்று ஒரு வார்த்தை பணிவாகக் கேளுங்கள். சந்தேகம் தீராவிட்டால் சைவச் சாப்பாடு இருக்கவே இருக்கிறது. ஸ்ரீரங்கம் பக்கம் போனால் டிபனும் காபியும் நன்றாகக் கிடைக்கும். மெயின்கார்டு கேட் அருகே மைக்கேல் ஐஸ்கிரீம் தலைமுறைகளாகப் பெயர் பெற்றது. வீட்டுக்கு வாங்கிச் செல்ல மணப்பாறை முறுக்கு. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தொழுகை

சுற்றுலாவில் முதலில் தவறுவது தொழுகைதான், அதிலும் பெண்களின் தொழுகை. ஆண்கள் கண்ணில் பட்ட பள்ளிக்குள் நுழைந்து தொழுதுவிடுகிறார்கள். தாயும் மகளும் வாகனத்தில் காத்திருக்கிறார்கள். எல்லாப் பள்ளிகளிலும் பெண்களுக்கு இடம் இருப்பதில்லை. எனவே சத்திரம் பேருந்து நிலையம், மதுரை சாலைப் பக்கமாகத் தங்கும் அறை எடுத்துக்கொண்டால் லுஹருக்கு அறைக்கே திரும்பிவிடலாம். ஒளு செய்ய ஒரு பாட்டில் தண்ணீர், இரண்டு தொழுகை விரிப்பு எப்போதும் பையில் இருக்கட்டும்.

சுமார் 82 கிலோமீட்டருக்கு மேல் பயணிப்பவர் நான்கு ரக்அத் பர்ளைச் சுருக்கித் தொழலாம். சென்னை, மதுரையிலிருந்து வருபவர்களுக்கு இச்சலுகை உண்டு. தஞ்சாவூரிலிருந்து வருபவர்களுக்கு இல்லை. திருச்சிவாசிகள் சித்தன்னவாசல் போனாலும் சுருக்க முடியாது. ஷாஃபிஈ மத்ஹபில் லுஹர்-அஸர், மக்ரிப்-இஷா சேர்த்தும் தொழலாம். ஹனஃபியில் சுருக்குவது மட்டுமே. வெள்ளிக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது: ஜும்ஆவும் பேணப்படும், அருங்காட்சியகமும் திறந்திருக்கும்.

நாள் திட்டம்

முதல் நாள்: ஃபஜ்ருக்குப் பின் மலை, இறங்கி வந்து கீழ்க்குகை, பத்து மணிக்கு மேல் அருங்காட்சியகம், லுஹரும் சாப்பாடும், ஓய்வு, அஸருக்கு நத்தர்வலி தர்கா, இரவில் கடைவீதி. இரண்டாம் நாள்: காலையில் சித்தன்னவாசல், மாலையில் முக்கொம்பு அல்லது கல்லணை. வெளியூர்ப் பேருந்துகளுக்கு 2025 முதல் பஞ்சப்பூரில் புதிய முனையம் இயங்குகிறது. அங்கிருந்து மலைக்கோட்டைக்கு நகரப் பேருந்தில் வர வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்துப் புறப்படுங்கள்.

பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று குர்ஆன் பல இடங்களில் சொல்கிறது. பார்ப்பது படம் எடுப்பதோடு முடிவதில்லை. துறவிகள், பல்லவர், பாண்டியர், நாயக்கர், நவாபுகள், வெள்ளையர் என எல்லோரும் இந்தப் பாறையைத் தமதென்று நினைத்தார்கள். எல்லோரும் போய்விட்டார்கள், பாறை இருக்கிறது. நம் பிள்ளைகள் மற்றவர்களின் இடத்தை மதிக்கவும், நம்மவர் தவற்றை நேர்மையாகச் சொல்லவும் கற்றுக்கொண்டு திரும்பினால் அந்தப் பயணம் பயனுள்ளதாகும், இன்ஷா அல்லாஹ்.