தாள் இருந்தால் ஏடு: ஆக்கிரமிப்புக் கால ஜப்பானின் புதிய நாளிதழ்கள்

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபோது, பெரும்பாலான மாகாணங்களில் உள்ளூர் நாளிதழ் என்று ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. 'மாகாணத்துக்கு ஓர் ஏடு' என்ற போர்க்காலக் கொள்கை நூற்றுக்கணக்கான இதழ்களை ஐம்பத்தைந்து அளவுக்குச் சுருக்கிவிட்டது. இணைய மறுத்த ஏட்டை வழிக்குக் கொண்டுவரப் பெரிய அடக்குமுறை எதுவும் தேவைப்படவில்லை; அச்சுத் தாளை நிறுத்தினால் போதும்.

வந்திறங்கிய அமெரிக்கப் படைத் தலைமையும் அதே கடிவாளத்தைத்தான் பிடித்தது. போருக்குத் துணைபோன அசாஹி, மைனிச்சி, யோமியூரி போன்ற ஏடுகளுக்கு எதிராகப் புதிய குரல்கள் எழவேண்டும் என்று அது விரும்பியது. 1945 அக்டோபர் இறுதியில் தாள் பங்கீட்டை அரசின் பிடியிலிருந்து எடுத்தது. பங்கீட்டில் புதிய ஏடுகளுக்குச் சலுகை கிடைத்தது. பழைய ஏடுகளோ ஒற்றைத் தாளின் இருபுறமும் அச்சிட்டு இரண்டு பக்கத்தில் காலம் தள்ளிக்கொண்டிருந்தன.

ஆனால் எது புதிய ஏடு? மட்சுமோட்டோ ஷிகெஹாரு 1945 டிசம்பரில் டோக்கியோவில் தொடங்கிய 'மின்போ' உண்மையிலேயே புதியது. மூன்று ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1936இல் நின்றுபோன 'ஜிஜி ஷிம்போ' 1946 புத்தாண்டன்று புதியதாக மறுபிறவி எடுத்தது. ஒசாகாவில் 1946 பிப்ரவரியில் வந்த 'ஷின் ஒசாகா' மாலை ஏட்டுக்குப் பின்னால் மைனிச்சியின் ஆட்களே நின்றார்கள். அந்த ஏடு பணத்தைக் கொட்டி நடத்திய காளைச் சண்டையை வைத்துத்தான், மைனிச்சியில் வேலை பார்த்த இனோவே யசுஷி தம் 'காளைச் சண்டை' கதையை எழுதி அகுதகாவா பரிசு பெற்றார். அன்றைய மாலை ஏடுகளின் சூதாட்ட மனநிலையை அறிய எந்த அறிக்கையையும்விட அந்தக் கதை உதவும்.

பெரிய நிறுவனங்கள் தாளுக்காகப் பெற்ற பிள்ளைகள் என்று இவற்றை ஒதுக்கிவிடலாமா? ஹிரோஷிமாவைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. அணுகுண்டு 'சூகோக்கு ஷிம்புன்' நாளிதழின் ஊழியர்களில் 114 பேரைக் கொன்றது. கட்டடத்தில் இருந்த இயந்திரங்கள் எரிந்தன. நகருக்கு வெளியே முன்கூட்டியே கொண்டுபோய் வைத்திருந்த ஒரு சுழல் அச்சு இயந்திரத்தைக் கொண்டுதான் செப்டம்பரில் மீண்டும் அச்சிடத் தொடங்கினார்கள். அதையும் அம்மாதப் புயல் வெள்ளம் கெடுத்தது. இந்த நிறுவனத்தின் நிழலில்தான் 1946இல் 'யூகான் ஹிரோஷிமா' என்ற மாலை ஏடு பிறந்தது.

குண்டு விழுந்த அன்று, மியூகி பாலத்தருகே தீக்காயங்களோடு குவிந்திருந்த மக்களைப் படமெடுத்தவர் சூகோக்கு ஷிம்புனின் புகைப்படக்காரர் மட்சுஷிகே யோஷிதோ. நாள் முழுதும் அவரால் ஐந்து முறைதான் கேமராவை அழுத்த முடிந்தது. 1945 செப்டம்பர் 19இன் பத்திரிகை விதிகளும் தணிக்கையும் குண்டைப் பற்றிய எழுத்தை நெருக்கிக்கொண்டிருந்த காலம். அசாஹியே இரண்டு நாள் முடக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் 1946 ஜூலை 6ஆம் நாள் அந்தப் படங்களை வெளியிட்டது இந்த 'யூகான் ஹிரோஷிமா'தான். படையினர் கூப்பிட்டு எச்சரித்தார்கள். நாடறிய அவை பரவியது 1952இல், ஆக்கிரமிப்பு முடிந்த பிறகு. தாய் நிறுவனம் தயங்கக்கூடிய இடத்தில் பிள்ளை துணிந்தது என்று நான் நினைக்கிறேன். துணிவு மாலை ஏட்டுக்கே உரியதா, இழக்க அதிகம் இல்லாததால் வந்ததா என்பது வேறு கேள்வி.

தணிக்கைக்காரர்களுக்கு ஒவ்வோர் இதழின் படியும் போய்ச் சேர்ந்தது. ஊர்ச் செய்தித்தாள், தொழிற்சங்கத் தாள் என்று சுமார் 18,000 தலைப்புகள் இன்று அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பிராங்கே தொகுப்பாக உள்ளன. வாய்ப்பூட்டுப் போட வந்தவர்களின் கோப்புகள்தான் ஆய்வாளருக்கு இன்று கிடைக்கும் களஞ்சியம்.

1951 மே 1இல் தாள் கட்டுப்பாடு நீங்கியது. சலுகை போனதும் புதிய ஏடுகள் பல சரிந்தன. அக்டோபரிலேயே மூன்று பெரிய ஏடுகளும் காலை, மாலைப் பதிப்புகளைச் சேர்த்து விற்கத் தொடங்கின. நாகசாகியில் போர்க்கால இணைப்பால் உருவான 'நாகசாகி ஷிம்புன்' 1946 டிசம்பரில் நான்கு ஏடுகளாகப் பிரிந்திருந்தது. அவற்றில் இரண்டு, 'மின்யூ'வும் 'நிச்சிநிச்சி'யும், 1959இல் யாரும் வற்புறுத்தாமலேயே மீண்டும் சேர்ந்து பழைய பெயரையே வைத்துக்கொண்டன. நான்கில் ஒன்றான ஷிமபாராவின் சிற்றேடு தனியாகவே நின்றது.