பனித்தளத்தில் ஒரு தொழிற்சங்கம்
வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் 1942 முதல் 1967 வரை ஆறு அணிகளே இருந்தமையாலும், ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் வீரரை அதே அணியோடு பிணைத்துவைத்த தக்கவைப்பு விதியாலும், பனி ஹாக்கியைப் பிழைப்பாகக் கொண்டவர்களுக்குப் பேரம் பேசும் வலு ஏறக்குறைய இல்லாதிருந்தது. ஓய்வூதிய நிதியின் கணக்கையும் உரிமையாளர்கள் காட்ட மறுத்த நிலையில், டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியின் டெட் லிண்ட்சே, மான்ட்ரியலின் டக் ஹார்வி முதலியோருடன் இணைந்து 1957இல் வீரர் சங்கத்தை அறிவித்தார். அந்தப் பருவத்தில் 30 கோல்கள் அடித்ததோடு, சக வீரர்களின் 55 கோல்களுக்குப் ‘பக்’ எனும் ரப்பர் வட்டைக் கடத்தித் துணைநின்று ஆட்டத்தின் உச்சத்தில் இருந்த அவரை, நிர்வாகம் அவ்வாண்டே கடைசி இடத்தில் கிடந்த சிகாகோவுக்கு மாற்றியது. இது தண்டனையேயன்றி வேறில்லை. சங்கம் விரைவில் சிதைந்தது. அதே பெயரில் நிலையான அமைப்பொன்று உருவானது 1967இல்தான்.